பந்தை நீட்டும் முறை

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் ஃபீனிக்ஸில் வசிக்கிறோம். சென்ற மார்ச்சில் பேஸ்பால் பயிற்சி ஆட்டம் ஒன்றைக் காண ஒன்பது வயது மகனுடன் போயிருந்தேன். வேலியோரம் நின்று அவன் நீட்டிய பந்தில் ஓர் ஆட்டக்காரர் அவன் பெயரைக் கேட்டு எழுதிக் கையொப்பமிட்டார். நாங்கள் கறுப்பு மார்க்கரைக் கொடுத்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்த முதியவர் வருத்தப்பட்டார். இப்போது மை ஓரங்களில் பரவுகிறது. பெயர் எழுதியதால் பந்தின் விலைமதிப்பே போயிற்று என்கிறார் உறவினர் ஒருவர். இதற்கெல்லாம் முறைகள் உண்டா? கேட்பதே சரிதானா?

வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்பதில் தவறே இல்லை. பழம்பெரும் பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் காலத்திலேயே ஊன்றிவிட்ட வழக்கம் இது. அரிசோனாவில் 15 அணிகள் பயிற்சிக்குக் கூடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆட்டக்காரர்களை நெருங்குவதும் எளிது. ஆனால் நமக்கு விடுமுறையான அந்த நேரம் அவர்களுக்கு வேலை நேரம் என்பதை மறக்கக் கூடாது. பயிற்சியின் நடுவே பெயர் சொல்லிக் கூவாமல், முடித்துவிட்டு ஆட்டக்காரர்கள் அமரும் டக்அவுட் பக்கம் நடந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அன்று பந்து வீசவிருக்கும் பிட்சரை ஆட்டத்துக்கு முன் அழைக்காமல் விட்டுவிடுவது நல்லது. ஒருவரிடம் ஒரு பந்துதான் நீட்ட வேண்டும். பை நிறையப் பந்துகளோடு முண்டியடிக்கும் பெரியவர்களால்தான் பின்னால் நிற்கும் குழந்தைகள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், இது எனக்கு மிகுந்த வேதனை தருவது.

அந்த முதியவர் வருத்தப்பட்டது சரிதான். 1974 முதல் பெருந்தொடர் (மேஜர் லீக்) பந்துகளின் மேலுறை மாட்டுத்தோல். மார்க்கரின் மை அதில் ஊறிப் படரும். நீல பால்பாயின்ட் பேனாவே வழக்கம். இரண்டு தையல் வரிசைகளும் மிக நெருங்கி வரும் குறுகலான இடத்தை ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்பார்கள். அணி முழுவதும் கையொப்பமிடும் பந்தில் அவ்விடத்தை மேலாளருக்கென்று விட்டுவைப்பது பழைய மரபு. ஒருவர் மட்டும் இடும் பந்தில் அது அவருக்கே உரியது. ஆகவே அந்த இடம் மேலே தெரியும்படி பந்தைத் திருப்பி, பேனாவின் மூடியையும் கழற்றி நீட்டினால், நடந்துகொண்டே எழுதுபவருக்குத் தடுமாற்றம் இருக்காது.

உங்கள் உறவினரின் கணக்கு வியாபாரிகளின் கணக்கு. விற்பதற்கென்றே கையொப்பம் சேகரிப்பவர்கள் பெருகியதால்தான் பல ஆட்டக்காரர்கள் பெயரைக் கேட்டு எழுதுகிறார்கள். பெயருள்ள பந்தை வாங்க ஆள் குறைவு. இந்தச் சந்தையில் போலிகளும் மலிந்தன. 1990களின் இறுதியில் எஃப்பிஐ பெரிய கும்பலொன்றையே பிடித்தது; தம் கையொப்பத்தின் போலிகள் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டு சொன்னவர்களில் பேஸ்பால் நட்சத்திரம் டோனி க்வினும் ஒருவர். 2001-இல் பெருந்தொடர் நிர்வாகம் ஹாலோகிராம் ஒட்டிச் சான்றளிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. உங்கள் மகனின் பந்தில் ஹாலோகிராம் இல்லாவிட்டால் என்ன, எழுதிய கையை அவன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். அந்தப் பந்தை ஒருபோதும் விற்காதீர்கள்.

மரியாதை இருபக்கமும் உண்டு. 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லப்ரூ, இளம் வீரர் டோரி ஹண்டரின் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தும் படிக்கும்படி எழுத வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார். ஹண்டரும் அன்றிலிருந்து அப்படியே எழுதினார். வரிசையில் காத்து நின்ற ஒரு பிள்ளை, வீட்டுக்குப் போய்ப் பந்தை எடுத்துப் பார்க்கையில் அது யார் கையொப்பம் என்று தெரிய வேண்டாமா?

பரவிய மையின் மேல் மீண்டும் எழுதாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த மார்ச்சில் நீங்கள் இரண்டடி பின்னால் நின்றுகொண்டு அவனையே கேட்க விடுங்கள். ஆட்டக்காரரின் குடும்பப் பெயரோடு ‘மிஸ்டர்’ சேர்த்து அழைக்கவும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நன்றி சொல்லவும் இப்போதே சொல்லிக்கொடுங்கள்.