சம்பளம் பத்தல – ஞாயித்துக்கிழமை கேள்வி பதில்

கூட்டுறவு பேங்க் கவுண்டர்ல 26 வருஷம் உக்காந்தவ நான். வீட்டுச் செலவு, கடன், சீட்டு, நகை, கரண்ட் பில்லு பத்தி கேளுங்க. ஷேர் மார்க்கெட் மட்டும் வேண்டாம்.

கே: அக்கா, போன தடவை 490 யூனிட், இந்த தடவை 520. 30 யூனிட்டுக்கு பில்லு 460 ரூபா ஏறிருக்கு, மீட்டர் கோளாறா?

மீட்டர் சரியாத்தான் இருக்கு தம்பி. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள இருந்தா, இலவச 100 போக அடுத்த 100 யூனிட் 2.35 ரூபா. 500 தாண்டுனா அதே 100 யூனிட் 4.70 ஆயிடும், அதுலயே 235 போச்சு. 500க்கு மேல போன 20 யூனிட்டும் 8.40 ரேட்டு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கம்மி கரண்ட்ல ஓடுற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சொச்சம். தினம் 12 மணி நேரம் ஓடுற ஒத்த ஃபேனை மாத்துனாலே ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட் மிச்சம், அதாவது நீங்க திரும்ப 490ல நிப்பீங்க. ஹால் ஃபேன்ல ஆரம்பிங்க, சாமி ரூம் ஃபேனை மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கே: கிரெடிட் கார்டு 40,000 பில்லு வந்திருக்கு, மினிமம் டியூ 2,000 மட்டும் கட்டுனா போதுமாக்கா?

போதாது. மாசம் மூணரை பர்சென்ட் வட்டி, அதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, ரெண்டும் சேர்த்து 1,500க்கு மேல வந்துடும். நீங்க கட்டுற 2,000த்துல அசலுக்குப் போறது 500 கூட இல்ல. இதுல கொடுமை என்னன்னா, பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற பால் பாக்கெட்டுக்கும் அன்னைலேர்ந்தே வட்டி. நகை இருந்தா பேங்க்ல அடகு வச்சு கார்டை அடைங்க, அந்த வட்டி இதுல கால்வாசிதான் வரும்.

கே: எந்த ஷேர் வாங்கலாம்?

மேல முதல் பத்தியைப் படிங்க.

கே: ஏலச்சீட்டு நல்லதா, பேங்க்ல மாசா மாசம் கட்டுற ஆர்.டி நல்லதா? அம்மா சீட்டுங்கறாங்க.

இதுக்கு கணக்கு போட்டே காட்றேன். 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. மூணாவது மாசம் ஒருத்தர் ஏலத்துல 30,000 தள்ளி, அதாவது விட்டுக்குடுத்து, எடுக்கறார்னு வைங்க. கைக்கு 70,000. அந்த 30,000த்துல நடத்துறவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000 தலைக்கு 1,250ஆ பிரியும், அதான் கசர். போகப் போக தள்ளு குறையும், 20 மாசம் முடியறப்போ ஒவ்வொருத்தரும் கட்டினது சுமாரா 88,000 இருக்கும். சீக்கிரம் தள்ளி எடுத்தவருக்கு அது கிட்டத்தட்ட மூணு ரூபா வட்டிக் கடன்.

கே: கடைசில எடுத்தா லாபம்தானக்கா? எங்க வீட்ல 15 வருஷமா அப்படித்தான் எடுக்கறோம். பேங்க்காரங்க சீட்டுன்னாலே குறை சொல்வீங்க.

சொல்லுவேன், கேளுங்க. கடைசி ஆளுக்கு கமிஷன் போக 95,000, லாபம் 7,000. அதே பணத்தை 7 பர்சென்ட் ஆர்.டில போட்டிருந்தா 5,400 சொச்சம். வித்தியாசம் 1,600 ரூபா, ஒப்புக்கறேன். அந்த 1,600க்காக 88,000த்தை யார் கைல குடுத்திருக்கீங்க? சீட்டு நடத்துறவர் அந்த குரூப்புக்கு பதிவாளர் கிட்ட அனுமதி வாங்கிருக்காரா, சீட்டுத் தொகைக்கு ஈடா டெபாசிட் கட்டிருக்காரா? கமிஷன் 7 பர்சென்ட்டுக்கு மேல எடுக்கவே சட்டத்துல இடமில்ல, தெரியுமா?

கே: அவர் எங்க தெருதான்க்கா, ஓட மாட்டாரு.

ஓடறவங்க எல்லாரும் ஏதோ ஒரு தெருலதான் இருந்தாங்க. எங்க சித்தியோட சீட்டுக்காரரும் தினம் கோயில் வாசல்ல பாக்கற ஆள்தான். நாலு சீட்டு ஒண்ணா நடத்துனாரு, ஒண்ணுல எடுத்தவங்க கட்டாம போனதும் இன்னொண்ணுல இருந்து எடுத்துப் போட்டாரு, அப்புறம் நாலுமே படுத்துருச்சு. அந்தாளு திருடன் இல்ல, ஆனா பணம் வரல.

கே: நகைக்கடை 11 மாச சீட்டும் இதே மாதிரியா?

அதுல ஏலம் கிடையாது, நகைக்கு முன்பணம். பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கற 5 லட்சம் இன்ஷூரன்ஸ் இதுக்கு இல்ல. சேதாரம் எவ்ளோ தள்ளுபடின்னு கார்டுல எழுதி வாங்குங்க.

கே: அக்கா, மினிமம் டியூ கட்டிட்டு மீதியை அடுத்த மாசம்...

மேல இருக்கு கண்ணு, மேல இருக்கு.

கே: மினிமம் டியூ கட்டுனா சிபில் பாதிக்குமா?

கட்டத் தவறுனதா சிபில்ல, அதான் கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு பாக்கற மார்க்ல, ஏறாது. ஆனா பாக்கி பெருசா நின்னா மார்க் குறையலாம், பர்ஸ் கண்டிப்பா பாதிக்கும். மூணாவது தடவை இது. இனி யாரும் கார்டு கேக்காதீங்க.

கே: நான்தான்க்கா, சீட்டு. அம்மா நோட்டை எடுத்துப் பாத்தேன். மாசா மாசம் தொகை எழுதிருக்கு, எல்லாம் அம்மா கையெழுத்தாத்தான் இருக்கு. அவர் கையெழுத்து ஒரு பக்கத்துலயும் இல்ல.

எத்தனை தவணை கட்டியாச்சு?

கே: 9.

கடைசித் தவணை வரைக்கும் காத்திருக்காதீங்க. அடுத்த பணம் குடுக்கும்போதே நோட்டை நீட்டுங்க, ஒம்போதுக்கும் தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க. முகம் சுளிச்சா அடுத்த ஏலத்துலயே எடுத்துடுங்க, தள்ளு கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல.