மீலி, மரபணு, விதை உரிமை: தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்திலும் ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேசியாவிலும் உள்ள தோட்டக்காரர்கள் விதையைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. மீலி என்பது இங்கே மக்காச்சோளத்தின் பெயர். விதை எடுப்பது, சாகுபடி, விதைச் சட்டம் பற்றிக் கேளுங்கள். நோய், மருந்து பற்றியவற்றை மருத்துவரிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்: கடையில் வாங்கும் கத்தரி, வெண்டை, தக்காளி விதை எல்லாம் மரபணு மாற்றியவையா அண்ணா? பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருக்கிறது.

இல்லை அம்மா. தென்னாப்பிரிக்காவில் வணிகமாக விளையும் மரபணு மாற்றப் பயிர்கள் மூன்றே: மக்காச்சோளம், சோயா, பருத்தி. எஃப்1 என்பது இரண்டு தூய வரிசைகளை இணைத்துப் பெற்ற ஹைப்ரிட்டின் முதல் தலைமுறை. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் முளைக்கும். ஆனால் செடி ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, காய் ஒன்று நீளம், ஒன்று உருண்டை என்று பிரிந்துபோகும். விதை எடுத்து வைக்க வேண்டுமென்றால் எஃப்1 என்று போடாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

மரபணு மாற்றம் ஒன்று, ஹைப்ரிட் ஒன்று, காப்புரிமை ஒன்று. மூன்றையும் ஒன்றாகப் பேசினால் யாரை எதிர்க்கிறோம், எதைக் கேட்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

டோங்காட்: எங்கள் ஆயா காலத்து வெள்ளை மீலி விதை வைத்திருக்கிறோம். கலக்காமல் காப்பாற்றுவது எப்படி?

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். இந்த நாட்டு மக்காச்சோளப் பரப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மரபணு மாற்ற ரகம். மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் போகும். பக்கத்து வயலில் மஞ்சள் ரகம் இருந்தால் உங்கள் வெள்ளைக் கதிரில் அந்தப் போகத்திலேயே மஞ்சள் மணி தெரியும், பொறுக்கி எறிந்துவிடலாம். பக்கத்து வயலும் வெள்ளை என்றால் கலந்தது கண்ணுக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

தூரம் குறைந்தது 200 மீட்டர், 400 கிடைத்தால் நல்லது. தூரம் இல்லையென்றால் பக்கத்து வயல் பூப்பதற்கும் உங்களுடையது பூப்பதற்கும் நான்கு வாரம் இடைவெளி விழும்படி விதையுங்கள். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டுத் தோட்டத்தில் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

இளங்கதிர் இலைக்கக்கத்தில் தலைகாட்டியதும், மகரந்தம் வாங்கும் இழைகளான பட்டு வெளியே வருமுன், மெழுகுத்தாள் உறை மாட்டுங்கள். ஓர் இழை வெளியே வந்த பிறகு மாட்டினால் வீண், அது வேறு மகரந்தம் வாங்கியிருக்கும். உறைக்குள் பட்டு வந்ததும், ஒரு மாலையில் உறையைத் தூக்கிக் கதிரின் நுனியைப் பட்டோடு சேர்த்து வெட்டி உடனே மூடிவிடுங்கள். காலையில் இழைகள் இரண்டு விரற்கடை வளர்ந்து சமமாக நிற்கும். அதே மாலை உச்சியிலுள்ள ஆண் பூக்களுக்குப் பழுப்புத்தாள் பை கட்டுங்கள். அதன்மேல் ஒட்டியிருக்கும் அயல் மகரந்தம் இரவுக்குள் செத்துவிடும்.

மறுநாள் பனி காய்ந்த பிறகு, 9 மணியிலிருந்து 11 மணிக்குள், பூவை வளைத்துப் பையைத் தட்டினால் மஞ்சள் பொடி சேரும். பல செடிகளின் பொடியை ஒன்றாகக் கலந்து பட்டின்மேல் தூவி, மறுபடி மூடி, உறையில் தேதி எழுதுங்கள். பை ஈரமாக இருந்தால் பொடி கட்டிப்போகும், கதிர் பல் விழுந்து வரும்.

ஒரு செடியின் பொடியை அதே செடிக்கே போடாதீர்கள். சில தலைமுறையில் பயிர் சூம்பிவிடும். விதைக்கு 100 செடியாவது வேண்டும். தோட்டம் சின்னதென்றால் நாலு வீடு சேர்ந்து ஒரே ரகம் போட்டு, கதிர்களை உதிர்த்துக் கலந்து பங்கிடுங்கள். கலந்துவிட்டதோ என்று சந்தேகமிருந்தால், மரபணு மாற்றத்தால் வரும் புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டை இருக்கிறது. ஒரு பட்டை அது தேடும் புரதத்தை மட்டுமே காட்டும். வேறு மரபணு புகுந்திருந்தால் ‘இல்லை’ என்றே சொல்லும்.

ஃபீனிக்ஸ்: மரபணு மாற்ற விதை மலட்டு விதையாமே, மறுபடி முளைக்காதாமே?

முளைக்கும். முளைப்பை அடைக்கும் ‘டெர்மினேட்டர்’ தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. உலகமே எதிர்த்தது. 1999இல் அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ அதைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டோம் என்று அறிவித்தது. எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. நீங்கள் விதையை மறுபடி போடாமல் தடுப்பது வாங்கும்போது இடும் ஒப்பந்தக் கையெழுத்து. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: தொழில்நுட்பத்தையே பூதமாகக் காட்டுவது நியாயமில்லை ஐயா. தண்டுத்துளைப்பான் புழு குறைந்தது, பூஞ்சை நஞ்சு குறைந்தது. இதைச் சொல்ல மாட்டீர்களா?

சொல்கிறேன். புழு துளைத்த கதிரில் பூஞ்சை ஏறும், அதில் ஃபுமோனிசின் நஞ்சு உண்டாகும். 1988இல் அந்த நஞ்சைப் பிரித்துக் காட்டியவர்களே தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள்தான். புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றியதுதான் பிடி மக்காச்சோளம். அதில் துளை குறைவு, ஆகவே நஞ்சும் குறைவு. தினமும் பாப் என்னும் மீலி மாவுக் களி சாப்பிடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். புழு எதிர்ப்புப் பெறாமலிருக்க, பிடி வயலை ஒட்டிப் பிடி அல்லாத பயிரைப் புழுவுக்குப் புகலிடமாக விட வேண்டும்: மருந்தடித்தால் 20 சதவீதம், அடிக்காவிட்டால் 5. பலர் விடவில்லை. 2007இலேயே தண்டுத்துளைப்பான் எதிர்ப்புப் பெற்றுவிட்டது ஆய்விதழில் வெளிவந்தது. பிறகு புழுவைக் கொல்லும் புரதம் இரண்டு கொண்ட ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

லெனேசியா: மக்காத்தினிச் சிறு விவசாயிகள் பிடி பருத்தியில் வென்றார்களே. அது போதாதா சாட்சி?

மக்காத்தினியை முழுதாகச் சொல்ல வேண்டும். குவாசூலு-நடாலின் வடகோடி அது. 1998இல் பிடி பருத்தி வந்தது. சில ஆண்டுகளில் பெரும்பாலான சிறு விவசாயிகள் அதற்கு மாறினார்கள். முதல் சில போகங்களில் மருந்தடிப்பு குறைந்தது, விளைச்சல் கூடியது. இது உண்மை.

விதை, மருந்து, கடன், பருத்தி வாங்கல் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. கடனை அறுவடையில் பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு பருத்தி ஆலை வந்ததும் விவசாயிகள் அங்கே விற்றார்கள். கடன் திரும்பவில்லை, முதல் நிறுவனம் கடனை நிறுத்தியது, அந்தப் போகமே நடவு சரிந்தது. மரபணு அப்படியேதான் இருந்தது, புழுவையும் கொன்றது. பணம் இல்லாமல் விதை வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வெற்றிக் கதையில் கடன் வருவதில்லை, தோல்விக் கதையில் புழு வருவதில்லை. இரண்டும் பாதி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மறுபடி: விவசாயி விரும்பித்தானே வாங்குகிறான்? பிடிக்காவிட்டால் வேறு விதை வாங்கலாமே.

எந்த வேறு விதை? கிரேடவுனில் பன்னார் என்று உள்நாட்டு விதை நிறுவனம் இருந்தது. அமெரிக்காவின் பயனியர் அதை வாங்க வந்தபோது 2010இல் வணிகப் போட்டி ஆணையம் மறுத்தது, தீர்ப்பாயமும் மறுத்தது, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. பயனியர் இப்போது கோர்ட்டீவாவின் கீழ். மான்சாண்டோவை 2018இல் பாயர் வாங்கியது. மக்காச்சோள விதையின் பெரும்பங்கு இந்த இருவரிடம். அலமாரியில் பாக்கெட் நிறம் பல, உரிமையாளர் இருவர். விரும்பி வாங்குகிறான் என்பதை இந்த நிலையில் நான் ஏற்க மாட்டேன்.

நான் மரபணுவுக்கு எதிரியில்லை. ஒரு நாட்டின் அன்றாடச் சோற்று விதை இரண்டு பேரிடம் இருப்பதை எதிர்க்கிறேன். ஒப்புதல் கொடுக்கும் அரசும் சோதனையைச் சரியாகச் செய்வதில்லை. வறட்சி தாங்கும் என்று சொல்லப்பட்ட மான்சாண்டோவின் ‘MON 87460’ மக்காச்சோளத்துக்குக் கொடுத்த ஒப்புதலை 2024 அக்டோபரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆபத்து உறுதியாகத் தெரியாவிட்டாலும் கவனமாக இருக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை அதிகாரிகள் கடைப்பிடிக்கவில்லை என்பதே காரணம்.

ஸ்டாங்கர்: மலட்டு விதை பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் கேள்வியைப் படியுங்கள்.

வெருலம்: நம் பக்கத்துக் கரும்பும் மரபணு மாற்றியதா?

இங்கே வணிகச் சாகுபடியில் இல்லை. பிரேசிலில் 2017இல் ஒப்புதல் கிடைத்தது.

இசிபிங்கோ: மீலி மாவுப் பையில் எழுதியிருக்க வேண்டாமா?

வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. மரபணு மாற்றப் பொருள் 5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எழுத வேண்டும். பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் தேடுங்கள். இல்லையென்றால் ஆலைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

ஷால்கிராஸ்: இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வருமா?

மருத்துவரிடம் கேளுங்கள்.

டோங்காட்: விதை மாற்றிக்கொள்வது சட்டப்படி குற்றமா அண்ணா?

யாரும் பதிவு செய்யாத பழைய ரகத்தை வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்குவதில் இனப்பெருக்கியாளர் உரிமை, அதாவது புது ரகம் உருவாக்கியவருக்குச் சட்டம் தரும் உரிமை, குறுக்கே வராது. பதிவு பெற்ற ரகமென்றால் கதை வேறு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயி தன் நிலத்தில் எடுத்த விதையைத் தன் நிலத்திலேயே போட இடம் கொடுத்தது. அடுத்தவருக்குக் கொடுக்க இடம் கொடுக்கவில்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விலக்கு யாருக்கு, எந்தப் பயிருக்கு என்பதை அமைச்சரின் விதிமுறைக்கு விட்டுவிட்டது. கண்வைக்க வேண்டிய இடம் அதுதான். விதிமுறையில் மாற்றம் வரும்போதெல்லாம் நம் சங்கங்கள் கருத்து எழுத வேண்டும். அதோடு, மாற்றும் விதையில் ரகத்தின் பெயரும் எடுத்த வருடமும் எழுதாமல் கொடுக்காதீர்கள். பெயரில்லாத விதை மூன்று கை மாறினால் எது பழையது, எது கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

உம்லங்கா: கடற்கரைப் பக்கம் அவரை விதை ஆறு மாதத்தில் பூசணம் பிடிக்கிறது.

காயாமல் மூடியதுதான் காரணம். காய்ந்த கண்ணாடி ஜாடியில் விதையும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு ஜாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள், 35 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது. நன்றாக உலர்ந்ததை இறுக மூடி உறைபெட்டியில் சில நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். ஈர விதையை உறைய வைத்தால் விதையே சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். ஜாடி அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் வியர்த்துவிடும்.

சாட்ஸ்வொர்த்: ரோஸ் சாயம் பூசிய மீலி விதை அரைப் பை மிஞ்சியது. கழுவிக் கோழிக்குப் போடலாமா?

கூடவே கூடாது அம்மா. அந்தச் சாயம் பூச்சிக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் பூசியதற்கான எச்சரிக்கை. கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது, முட்டை வழியாக உங்கள் வீட்டுக்கே வரும். உலர்வாக, பூட்டி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து அடுத்த போகத்தில் விதையுங்கள். கையுறை போட்டுத் தொடுங்கள். காலிப் பையில் மாவோ அரிசியோ வைக்காதீர்கள்.