புது ஸ்போர்ட்ஸ் பைக்கை டிராக் டேக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: புது ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்து மூன்று வாரம் ஆகிறது; 400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு டிராக் டேக்கு, அதாவது பந்தயத் தடத்தில் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுக்க ஆசை. மீட்டரிலேயே ‘டிராக்’ என்று ஒரு மோட் இருப்பதால் வாரண்டிக்குப் பிரச்சினையே வராது என்கிறார் ஷோரூம் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். விளம்பரத்தில் அந்த பைக் பந்தயத் தடத்தில்தான் முழங்கால் உரச வளைந்து போகும். வாரண்டி புத்தகத்தைப் புரட்டினால், போட்டியிலோ பந்தயத்திலோ பயன்படுத்தியதால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். இரண்டையும் அச்சிட்டது ஒரே கம்பெனி. வாங்குபவர் கண்ணில் படுவது முதலாவது மட்டும்தான் என்பது எனக்குக் கோபமூட்டும் விஷயம். ‘டிராக்’ மோட் ஆக்ஸிலரேட்டர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்., சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகியவை வேலை செய்யும் விதத்தை மாற்றுகிறது. அந்தப் பெயரை வைத்து வாரண்டி கேட்க முடியாது.

டிராக் டேயில் பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. ஓட்டுபவர்களைத் திறமைப்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 15, 20 நிமிடம் தடத்தைத் திறந்துவிடுவார்கள். ஆகவே ‘போட்டி’ என்ற சொல் இதற்குப் பொருந்துமா என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் பிரிந்து கிடக்கும்போது வாதாடிப் பயனில்லை. இப்போதே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “எந்த மாற்றமும் செய்யாத பைக்கை, சர்வீஸ் அட்டவணை தவறாமல் பராமரித்து, போட்டியல்லாத டிராக் டேயில் ஓட்டினால் வாரண்டி தொடருமா?” பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பலாக வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் இதைவிடக் கறாரானது. சாலைக்கென்று எடுத்த பாலிசிகள் பலவற்றில் பந்தயம், வேகச் சோதனை என்று விலக்குகள் இருக்கும். மூடிய தடத்தில் வண்டி விழுந்தால் செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும் என்ற கணக்கோடு கிளம்புங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஆபத்தான விளையாட்டு என்ற விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்பாட்டாளர் நீட்டும் ஒப்புதல் படிவத்தை வாசலில் நின்றபடி கையெழுத்துப் போடாமல், பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். ஆம்புலன்ஸ் தடத்திலேயே நிற்குமா, மழையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்த 400 கிலோமீட்டர். பெரும்பாலான மேனுவல்கள் முதல் 1000 கிலோமீட்டர் அளவில் முதல் சர்வீஸைச் சொல்கின்றன. அதுவரை எஞ்சின் சுழற்சிக்கு ஒரு வரம்பும் வைக்கின்றன. புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது கழியும் உலோகத் துகள்கள் முதல் ஆயிலில்தான் சேர்கின்றன. அந்த ஆயிலை மாற்றி, ரசீதைப் பத்திரப்படுத்திய பிறகு தடத்துக்குப் போங்கள். அடுத்த மாதத்துக்குள் 1000 கிலோமீட்டர் ஓடவில்லை என்றால், அதற்கடுத்த டிராக் டேக்குப் பெயர் கொடுங்கள்.

கேள்வி: முதல் டிராக் டேயில் மூன்றாவது சுற்றுக்குப் பிறகு முன் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. பத்து நிமிடம் நிறுத்தியதும் சரியானது. இது தயாரிப்புக் குறையா?

பதில்: நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. நேர்ச்சாலையின் முடிவில் ஒவ்வொரு முறையும் முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது, பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் வரை சூடு ஏறுகிறது. டாட் 4 தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது தரநிலை. ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும் திரவம். ஈரம் ஏறிவிட்டால் தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் நிற்கும். லீவரை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும், பிஸ்டன் நகராது. ஆறியதும் குமிழ் கரைந்து லீவர் இறுகிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது லீவரை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் லீவரின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீலிலோ வேறெங்கோ கசிவு. தயங்காமல் வாரண்டி கேளுங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். லீவர் கல்லைப் போல் நின்றால் புது ஆயில் மாற்றிக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். தடத்துக்குப் போகிறவர்கள் பலர் 260 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆயிலையே கேட்டு வாங்குகிறார்கள். டாட் 5 என்று இருந்தால் மட்டும் வாங்க வேண்டாம். அது சிலிகான், உங்கள் பைக்குக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 வகைதான். லீவர் இறுக்கமாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால் குற்றம் பிரேக் பேடில் இருக்கிறது.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தில் எக்ஸாஸ்ட் வாங்கலாமா, ஸ்லிக் டயர் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். எக்ஸாஸ்டை மாற்றினால் வாரண்டிக்காரருக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். பல தடங்களில் ஒலி வரம்பும் உண்டு, மீறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வரிப்பள்ளங்கள் இல்லாத ஸ்லிக் டயர் சூடேறினால்தான் தடத்தைப் பிடிக்கும். அதற்கு டயரைச் சூடாக்கும் வார்மர் வேண்டும், சாலையிலும் ஓட்டக் கூடாது. நல்ல சாலை டயரே முதல் ஆண்டுக்குப் போதும். தடத்துக்கான காற்றழுத்தத்தை டயர் கம்பெனியிடமே கேளுங்கள். குளிர்ந்த டயருக்கான அளவா, சூடான டயருக்கானதா என்பதையும் கேளுங்கள். வீடு திரும்பும் முன் சாலை அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

பணத்தை உடம்பில் போடுங்கள். ஹெல்மெட்டில் இ.சி.இ. 22.06, தோல் உடையில் இ.என். 17092 தரத்தின் ஏ.ஏ.ஏ. பிரிவு, முதுகுக் கவசத்தில் இ.என். 1621-2 லெவல் 2: லேபிளில் இந்தப் பாதுகாப்புத் தரக் குறியீடுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். உடையைக் கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஒரு பைக்கின்மேல் குனிந்து உட்காருங்கள். நிற்கும்போது தோளைக் கீழே இழுக்கிற உடைதான் அந்த நிலையில் சரியாகப் பொருந்தும். வாடகைக்குக் கிடைத்தால் முதல் முறை வாடகைக்கே எடுங்கள்.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை விலை பேசுகிறேன். டிராக் பக்கமே போனதில்லை என்று சத்தியம் செய்கிறார் விற்பவர். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குனிந்து போல்ட்டுகளைப் பாருங்கள். ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் போல்ட் கழன்றுவிடாமல் கம்பி கோக்கச் சின்ன துளை இருந்தால், அது பெரும்பாலும் பந்தயத் தடத்துக்காகப் போட்டது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் அடிநுனி தேய்ந்திருக்கிறதா, ஹெட்லைட் விளிம்பில் டேப்பின் பசை ஒட்டியிருக்கிறதா, லீவர் நுனி உரசியிருக்கிறதா என்று பாருங்கள். டயர் புதிது என்றால் பழைய டயர் எங்கே என்று கேளுங்கள். தடத்தில் ஓடியது என்பதற்காகவே ஒரு பைக்கைத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை; ஆயிலும் பிரேக் ஆயிலும் அடிக்கடி மாற்றிய ரசீதுகளை எடுத்துக் காட்டி, ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறவரிடம் நான் தைரியமாக விலை பேசுவேன். சத்தியம் செய்கிற உங்கள் விற்பவரின் வண்டியில் அந்தத் துளை இருந்தால் அவரிடம் வாங்காதீர்கள்.