துறவிக்கு என்ன நிற அங்கி?

கேள்வி: 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவை வைத்து ஒரு வியூக வீடியோ கேம் செய்கிறோம். துறவிகள் எல்லோருக்கும் பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு. சரிதானே?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: காலம் இடிக்கிறது தம்பி. கயிறு கட்டிய பிரான்சிஸ்கன் சபை 1209-இல்தான் தொடங்கியது. அவர்களும் முதலில் உடுத்தியது சாயம் ஏற்றாத, சாம்பல் சாயலான கம்பளி. பழுப்பு வெகு பின்னால் வந்தது. உங்களுக்குத் தேவை பெனடிக்ட் சபையின் கறுப்பும், 1098-இல் பிறந்த சிஸ்டர்சியன் சபையின் வெள்ளையும். அந்த வெள்ளையைப் பளிச்சென்று தீட்டிவிடாதீர்கள், அது ஆட்டு ரோமத்தின் மங்கிய நிறம்.

கேமில் நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். அதனால் அங்கியைவிடத் தலைக்கு நேரம் செலவிடுங்கள்: உச்சி மழித்து, சுற்றிலும் வளையமாக முடி. பைசாந்தியத் துறவிக்கு, அதாவது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின் துறவிக்கு, இதே உருவத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கு நீண்ட தாடி அவசியம். 1054-இல் ரோம் திருச்சபையும் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையும் மோதியபோது தாடி விவகாரமும் குற்றச்சாட்டுகளில் இருந்தது!

அப்புறம், அணியின் நிறத்தை அங்கியில் பூசவே வேண்டாம். காலடி வட்டத்தில் காட்டினால் போதும்.