துண்டை எப்போது எண்ணுவது?

கேள்வி: ராமேஸ்வரத்தில் பத்து ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். ரூம் சுத்தம், வெந்நீருக்குக் குறை இல்லை, நடுராத்திரி வந்தாலும் சாவி கொடுக்கிறோம். ஆனாலும் ரெவ்யூவில் ‘ஆட்கள் சரியில்லை’ என்றே எழுதுகிறார்கள். காலி செய்யும்போது துண்டு, பெட்ஷீட்டை எண்ணிப் பார்ப்போம். அதைத் தவிர யாரிடமும் கடுமையாக ஒரு வார்த்தை கூடப் பேசியதில்லை.

பதில்: அந்த எண்ணிக்கைதான் உங்கள் ரெவ்யூ. மதுரையில் முப்பது வருஷம் ரிசப்ஷனில் நின்றவன் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் போய்விட்டு வந்து எங்களிடம் தங்கிய ஒரு வடநாட்டுப் பாட்டி. காலி செய்யும் நேரத்தில் ரூமில் ஒரு துண்டு குறைந்தது. பையைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே ஈரப் புடவை, துணியில் முடிந்த ஒரு பிடி மணல். காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்க்க வேண்டிய மணல். பாட்டி ஒன்றும் பேசாமல் முடிச்சை மறுபடி போட்டார். துண்டு மொட்டைமாடிக் கொடியில் கிடந்தது. இரண்டு நாள் நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போயிற்று.

ஒரு அனுபவத்தின் கடைசி நிமிஷம் மனசில் எப்படி நிற்கிறது என்பதற்கு, உளவியல் அறிஞர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனை இது. 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி. அந்த முப்பதில் மட்டும் நீர் 15 டிகிரிக்கு மெல்ல ஏறும். மறுபடி செய்வதென்றால் எது என்று கேட்டதற்கு, 32 பேரில் 22 பேர் நீண்டதையே கேட்டார்கள். வலி கூடுதல்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே!

உங்களிடம் வருகிறவர்களில் பலர் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. வருஷக்கணக்காய் நேர்ந்துகொண்டு, சேர்த்துவைத்து வந்தவர்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயில் கிணறுகளில் நனைந்து, நெஞ்சு நிறைந்து திரும்புகிறவரிடம் ‘துண்டு எங்கே?’ என்றால் திருடன் என்று சொன்ன மாதிரிதான்.

சரி, செய்ய வேண்டியது: முந்தின நாள் ராத்திரியே பில்லை முடித்துவிடுங்கள். ரூம் பையன் பெருக்கப் போகும்போதே துண்டை எண்ணிக்கொள்ளட்டும். மாடியில் நாலு கொடி கட்டுங்கள். கிளம்பும்போது ஈரத்துணிக்கு ஒரு பையைக் கொடுத்து, பெட்டியை ஆட்டோ வரை தூக்கிவிடச் சொல்லுங்கள். தொலைகிற துண்டை வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.