நோ கேம் நோ லைஃப் என்ற அனிமேக்கு (ஜப்பானிய அனிமேஷன் தொடருக்கு) இரண்டாம் சீசன் வரவேண்டுமா?

வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் எப்படியாவது வந்தால் போதும் என்று சொல்லமாட்டேன்.

2014-இல் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ எடுத்த 12 எபிசோடுகள், யூ காமியாவின் லைட் நாவலில் (படங்களோடு வரும் இளைஞர் நாவல் வரிசை) முதல் மூன்று தொகுதிகளோடு நின்றுவிட்டன. 2017-இல் வந்த 'ஜீரோ' திரைப்படமோ ஆறாம் தொகுதியை எடுத்துக்கொண்டு பழைய போர்க் கதைக்குப் போய்விட்டது. ஆக, கதையின் நாயகர்களான அண்ணன் தங்கை சோராவும் ஷிரோவும் அடுத்து ஆடும் ஆட்டங்கள் புத்தகத்திலேயே கிடக்கின்றன. கதைக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் ஏன் எடுக்கவில்லை? ஜப்பானில் பெரும்பாலான அனிமேக்களுக்குப் பணம் போடுவது ஸ்டுடியோ அல்ல. பதிப்பகம், இசை நிறுவனம், தொலைக்காட்சி எனப் பலர் சேர்ந்த தயாரிப்புக் குழு. மூல நூலுக்கு விளம்பரமாகவே எடுக்கப்படும் தொடர்கள் நிறைய. புத்தகம் விற்க ஆரம்பித்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. நம் ஏக்கமெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

எனக்குப் பயம் வேறு. 'தி பிராமிஸ்டு நெவர்லேண்ட்' என்ற இன்னொரு அனிமேயின் முதல் சீசன் (2019) அவ்வளவு அருமை. 2021-இல் வந்த இரண்டாவது, மூலமான மாங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) கோல்டி பாண்ட் பகுதியையே தூக்கிவிட்டு, மீதியை 11 எபிசோடுகளில் அள்ளித் திணித்தது. 'தி டெவில் இஸ் எ பார்ட்-டைமர்' 9 ஆண்டுகள் கழித்து 2022-இல் திரும்பியபோது ஸ்டுடியோவே மாறியிருந்தது. பழகிய முகங்களைத் தேடவேண்டியதாயிற்று.

நோ கேம் நோ லைஃபின் பாதி அழகு அந்த இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வண்ணங்களிலும், இயக்குநர் அட்சுகோ இஷிசுகாவின் கைவண்ணத்திலும் இருக்கிறது. அவர் இல்லாமல் எடுப்பதாக இருந்தால், சரி, நான் புத்தகத்தையே படித்துக்கொள்கிறேன்.