விட்ச்கிராஃப்டும் குயர் மக்களும்: கேட்டவர்களுக்குப் பதில்

விக்கா என்பது விட்ச்கிராஃப்டை, அதாவது சூனியக் கலையை, வழிபாடாக எடுத்துக்கொண்ட நவீன மதம்; அதைப் பின்பற்றுகிறவர்கள் தங்களை விட்ச் என்பார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வரி: மத வரலாறு படித்தவள், லண்டனில் இருக்கிறேன், குயர் (ஆண்-பெண் காதல், பிறப்புப் பாலினம் என்ற வழக்கமான வரம்புக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் சொல்). விக்கா சடங்குகளுக்கு விருந்தாளியாகப் போனதுண்டு, தீட்சை வாங்கியதில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் வைத்த சூனியத்தை எடுத்துத் தருவீர்களா" என்று கேட்ட மூவரும் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

பிரவீன், கோவை: அக்கா, விட்ச் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் நிறையப் பேர் குயராக இருக்கிறார்களே. ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்கு வாசல் திறந்திருந்ததா?

இல்லை தம்பி, நன்றாகச் சாத்தியே இருந்தது. விக்காவை உலகுக்குக் காட்டியவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, அப்புறம் மலாயாவில் சுங்க அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்து. அங்கே பழைய சூனியச் சட்டம் 1951இல் நீங்கியது. 1954இல் அவர் விட்ச்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று புத்தகமே போட்டார். அவர் சொன்ன வழிபாட்டின் அச்சாணி ஆண்-பெண் இணை. கொம்புள்ள கடவுளும் தேவியும் சேர்வதில்தான் சக்தி பிறக்கிறது. ஆணுக்குப் பெண்தான் தீட்சை தரவேண்டும், பெண்ணுக்கு ஆண். கத்தியைக் கிண்ணத்துக்குள் இறக்கும் சடங்கு எதைக் குறிக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒருபால் உறவு என்றாலே கார்ட்னருக்கு ஆகாது என்று அவரோடு பழகியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

1960களில் பத்திரிகைகளில் பரபரப்பாகப் பேசப்பட்ட அலெக்ஸ் சாண்டர்ஸ் என்ற விட்ச் இருபாலீர்ப்பு கொண்டவர். அவர் உருவாக்கிய மரபும் இதே ஆண்-பெண் இலக்கணத்தோடுதான் வளர்ந்தது.

கலைச்செல்வி, மதுரை: அப்படியானால் யார் மாற்றினார்கள்?

வெளியே நிறுத்தப்பட்டவர்களே மாற்றினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி நியூயார்க்.

1969இல் ஸ்டோன்வால் என்ற மதுக்கடையில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் குயர் மக்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சிக்குப் பின் தொடங்கிய கே லிபரேஷன் ஃப்ரண்ட் என்ற போராட்ட அமைப்பில் லியோ மார்ட்டெல்லோ என்பவர் இருந்தார். விட்ச், வெளிப்படையான கே, சண்டைக்கு அஞ்சாதவர். 1970 அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று, சென்ட்ரல் பார்க்கில் விட்ச்கள் கூடுவதற்கு அனுமதி கேட்டார். பூங்காத் துறை மறுத்தது. குடிமை உரிமைகளுக்காக வாதாடும் அமைப்பின் வக்கீல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அனுமதியை வாங்கிவிட்டார். கே உரிமைப் போராட்டத்தில் பழகிய அதே வழியை மத உரிமைக்கும் பயன்படுத்தினார். இந்த இரண்டு வரலாறுகளையும் தனித்தனியாக எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அதே ஊரில் எட்டி புச்சின்ஸ்கி. துணைவர் ஹெர்மன் ஸ்லேட்டரோடு புரூக்ளினில் வார்லாக் ஷாப் என்று மந்திரச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால்தான் சடங்கு என்ற விதியோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, 1977இல் மினோவன் பிரதர்ஹுட் என்று தனி மரபையே தொடங்கினார். பழைய கிரீட் தீவின் பேரன்னையும் அவள் மகனும் அங்கே தெய்வங்கள், ஆணுக்கு ஆணே தீட்சை தருவார். பெண்களுக்கு இணையாக மினோவன் சிஸ்டர்ஹுட் வந்தது. புச்சின்ஸ்கி பிறகு தொல்லியல் படிக்கப் போனார். 1989இல் எய்ட்ஸால் இறந்தார். அந்தத் தலைமுறையின் குயர் விட்ச்கள் பலருக்கு அதே முடிவுதான், அதனால் வாய்வழியாக வரவேண்டிய எத்தனையோ விஷயம் அறுந்துபோனது. மரபு மட்டும் இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1979இல் ஹாரி ஹேயும் நண்பர்களும் அரிசோனா பாலைவனத்தில் கே ஆண்களின் ஆன்மிக இயக்கமான ராடிகல் ஃபேரீஸ் கூட்டத்தைக் கூட்டினார்கள். ஹே ஏற்கெனவே 1950இல் மாட்டஷைன் சொசைட்டி என்ற கே உரிமை அமைப்பைத் தொடங்கியவர். ஃபேரீக்கள் எல்லாரும் தங்களை விட்ச் என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் வட்டம், பருவச் சடங்கு, கொம்புள்ள கடவுள் என்று நிறைய விக்காவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடக்க ஒரு காரணம், விக்காவுக்குப் போப் கிடையாது. கோவன் எனப்படும் சிறு குழுதான் எல்லாம். உங்கள் குழு ஒத்துக்கொள்ளவில்லையா, நீங்களே ஒன்று தொடங்கலாம், யாரும் விலக்கி வைக்க முடியாது.

ஜெனிஃபர், தூத்துக்குடி: லெஸ்பியன் பெண்கள்? பெண்கள் மட்டும் கூடும் கோவன்கள் திருநங்கைகளைச் சேர்ப்பதில்லை என்று படித்தேன்.

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பெருமையும் காயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஹங்கேரியிலிருந்து 1956 எழுச்சிக்குப் பின் வெளியேறிய சூசன்னா புடாபெஸ்ட் 1971இல் லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் மட்டுமே உள்ள கோவனைத் தொடங்கினார். பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனியின் பெயரை அதற்கு வைத்தார். தேவி மட்டுமே தெய்வம், ஆண் கடவுள் வேண்டாம். கோயிலிலும் சர்ச்சிலும் இடமில்லாத லெஸ்பியன் பெண்களுக்கு அது தாய்வீடு. 1975இல் மாறுவேடத்தில் வந்த பெண் போலீசுக்கு டாரோ என்ற குறி சொல்லும் சீட்டைப் பார்த்துச் சொன்னதற்காக அவரைக் கைது செய்து தண்டித்தார்கள். அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் 2011. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஆண்டுதோறும் நடந்த பாந்தியாகான் என்ற பேகன் (விக்கா போன்ற பழந்தெய்வ வழிபாட்டினர்) மாநாட்டில் பெண்களுக்கான சடங்கு ஒன்று. வேறொரு குழு நடத்தியது. வாசலில் திருநங்கைகளைத் திருப்பி அனுப்பினார்கள், நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. பெரிய கொந்தளிப்பு. மறு ஆண்டு புடாபெஸ்ட் தாமே ஒரு சடங்கு அறிவித்தார், மரபணுப்படி பெண்ணாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டார். உள்ளே சடங்கு நடக்க, வெளியே தார்ன் கோய்ல் என்ற பேகன் ஆசிரியரும் பலரும் மௌனமாக உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள்.

புடாபெஸ்ட் தரப்பின் வாதம், மாதவிடாய், பிரசவம், கருப்பை என்ற உடல் அனுபவங்களே தங்கள் மரபின் மர்மங்கள் என்பது. கருப்பை அகற்றியவர்களையும் பிள்ளை பெறாதவர்களையும் கேள்வி கேட்காமல் சேர்க்கும் வட்டம், திருநங்கைகளிடம் மட்டும் ஏன் கேட்கிறது? எனக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த ரீக்ளெய்மிங் மரபு 2012இல் தன் கொள்கை அறிக்கையைத் திருத்தியது. தெய்வங்கள் பல, அவற்றின் பாலினங்களும் பல என்ற பொருளில் மாற்றி எழுதினார்கள். அந்த மரபைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டார்ஹாக், 1979 புத்தகத்தில் ஆண்-பெண் துருவங்களைப் பற்றித் தாம் எழுதியதைப் பிந்தைய பதிப்புகளில் தாமே கேள்விக்குள்ளாக்கினார்.

சுதாகர், சேலம்: ஐரோப்பாவில் 90 லட்சம் விட்ச்களையும் அவர்களோடு ஓரினச் சேர்க்கையாளர்களையும் சேர்த்து எரித்தார்கள் என்கிறார்களே?

90 லட்சம் என்பது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தாளர் ஒருவர் போட்ட மனக்கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய 40,000 முதல் 50,000 பேர். அதுவே போதாதா? இங்கிலாந்தில் எரிக்கவும் இல்லை, தூக்கில்தான் போட்டார்கள். ஒருபால் உறவுக்கான தண்டனை பெரும்பாலும் வேறு சட்டம், வேறு வழக்கு. இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1533இல் வந்தது. மதத்துரோகிகள் மீது இரண்டு குற்றச்சாட்டையும் சேர்த்துச் சுமத்தியதுண்டு என்பது உண்மை. அதை வைத்து கே உரிமைப் போராளி ஆர்தர் எவன்ஸ் 1978இல் ஒரு முழு வரலாறு கட்டினார். போராளியின் வேகம் தெரிகிறது, ஆதாரம் அந்த அளவுக்கு இல்லை. பழமை இருந்தால்தான் மதிப்பு என்று நினைக்கத் தேவையில்லை. விக்காவுக்கே நூறு வயது ஆகவில்லை.

பெயர் வேண்டாம், ராஞ்சியில் வேலை பார்ப்பவர்: இங்கே சூனியக்காரி என்று சொல்லித்தான் பெண்களை அடித்துக் கொல்கிறார்கள். அதை லண்டனில் உட்கார்ந்து பெருமையாகச் சூட்டிக்கொள்வது விளையாட்டாகத் தெரியவில்லையா?

தெரிகிறது. ஜார்க்கண்டில் இதற்கென்றே 2001இல் சட்டம் போட வேண்டியிருந்தது, பீகாரில் அதற்கும் முன்பே 1999இல். சூனியக்காரி என்று முத்திரை குத்தி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சுட்னி மகதோவுக்கும், அசாமில் இதை எதிர்த்து நின்ற பிருபாலா ராபாவுக்கும் 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெரும்பாலும் பின்னால் இருப்பது நிலத் தகராறும் ஆளில்லாத விதவை என்ற துணிச்சலும்தான். அந்த ஊர்களில் நின்று யாரும் இந்தப் பெயரைக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். லண்டன்காரருக்கு அது நகை, அங்கே அது தூக்குக் கயிறு. இங்குள்ள விட்ச்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், பலருக்கு இது செய்தியாகவே இருந்தது.

தமிழரசன், விழுப்புரம்: கூவாகம் திருவிழாவும் இதுவும் ஒன்றுதானே?

இல்லைங்க. அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது ஊரும் கோயிலும் சேர்ந்து நடத்தும் சித்திரைத் திருவிழா. அதை விட்ச்கிராஃப்ட் என்று சொன்னால் இரண்டு பக்கமும் வருத்தப்படுவார்கள்.

"மழை", 19 வயது, ஹாஸ்டல்: அக்கா, நான் லெஸ்பியன். வீட்டில் தெரியாது. தனியாக விக்கா செய்யலாமா? பக்கத்து ரூம் பெண்ணுக்கு ஒரு லவ் ஸ்பெல் போடலாமா?

முதல் கேள்விக்கு, செய்யலாம்மா. தனியாகச் செய்பவர்களுக்காக ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் எழுதிய கையேடு இன்றும் விற்கிறது. கத்தி, அங்கி எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர், ஜன்னலில் தெரியும் நிலா போதும். ஹாஸ்டலில் மெழுகுவர்த்தி ஏற்றாதே, வார்டனிடம் என்ன சொல்வாய்?

இரண்டாவது வேண்டாம். ஒருவர் மனதை அவருக்குத் தெரியாமல் வளைப்பது, யாருக்கும் கேடு செய்யாதே என்ற விக்கா நெறிக்கே எதிரானது. பேசிப் பார், காபி குடிக்கக் கூப்பிடு. அப்புறம் ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் தீட்சை தருகிறேன் என்று பணமோ, போட்டோவோ, உடலோ கேட்கிறவர் யாராக இருந்தாலும் உடனே பிளாக் செய்.

பெயர் வேண்டாம், ஈரோடு: நான் கே. அம்மா என்னை "மாற்ற" ஒரு மந்திரவாதியிடம் கூட்டிப்போகிறார். விக்காவில் இதற்கு எதிர் மந்திரம் உண்டா?

மந்திரத்தை விடு தம்பி, உன் கையில் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை. இது நோய் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அதே ஆண்டு சொல்லிவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த மந்திரவாதி மருத்துவர் இல்லை, ஆகவே இந்த விதி அவரை நேரடியாகக் கட்டாது. ஆனால் அடிப்பதும் அடைத்துவைப்பதும் யார் செய்தாலும் குற்றம். அம்மா பயத்தில் செய்கிறார் என்று தோன்றினால், அவர் மதிக்கும் ஒரு டாக்டரைப் பேச வைக்கப் பார். நம்பகமான ஒரு நண்பரிடம், நீ எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லி வை.

ஃபாத்திமா, கொழும்பு: டாரோவில் "காதலர்கள்" சீட்டில் எப்போதும் ஆணும் பெண்ணும்தான். மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. அந்தப் பிரபலமான படம் 1909இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அதற்கு முந்தைய மார்செய் என்ற பழைய டாரோ சீட்டுக்கட்டில் அதே இடத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். குயர் ஓவியர்கள் வரைந்த சீட்டுக்கட்டுகள் இப்போது நிறைய வருகின்றன, இல்லையென்றால் நீங்களே ஒன்று வரைந்துவிடுங்கள்.